எத்தனை மில்லிமீற்றர் வரை ஒட்டலாம்? வன்னிப் பட்டறைகளுக்கு வெல்டிங் செய்முறைச் சான்று பற்றிய முழுமையான வழிகாட்டி

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் கிளிநொச்சிக்குப் போகும் வழியிலும், மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவுக்குப் போகும் வழியிலும் வெல்டிங் பட்டறை இல்லாத சந்தி குறைவு. உழவு இயந்திரப் பெட்டி, லாண்ட்மாஸ்டரின் இரும்புச் சில்லு, வீட்டுக் கேற், கடையின் கூரைச் சட்டம் என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றுக்கு யாரும் கடதாசி கேட்பதில்லை. குளத்துத் துருசுக்குக் கதவு, அரிசி ஆலையின் பொய்லர், நீர்த்தாங்கியின் உருக்குத் தூண் என்று வேலை வந்தால்தான் பொறியியலாளர் கேட்பார்: “டபிள்யூ.பி.எஸ். இருக்கா? பி.கியூ.ஆர். இருக்கா?”

இருபது வருடம் கைபழகிய வெல்டருக்கு இந்தக் கேள்வி அவமதிப்பாகப் படும். ஆனால் அது அவருடைய கையைப் பற்றிய கேள்வி அல்ல. இந்த உருக்கு, இந்த றொட், இந்தத் தடிப்பு, இந்தச் சூடு ஆகியவை சேர்ந்தால் ஒட்டு போதிய பலத்துடன் வருமா என்பதை ஒருமுறை உடைத்துப் பார்த்து உறுதி செய்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இங்கே ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டு, அதே அரிசி, அதே தண்ணீர், அதே நெருப்பில் இனிச் சமைக்கப்போகும் பானைகளுக்கெல்லாம் பதம் சொல்கிறோம். அதனால்தான் எவ்வளவு பெரிய பானை வரை அந்தப் பதம் செல்லும் என்ற எல்லையையும் சேர்த்தே எழுதிவைக்கிறார்கள். வெல்டிங்கில் அந்த எல்லைதான் தடிப்பு வரம்பு. புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுவதும் அதில்தான்.

மூன்று கடதாசிகள்

பி.கியூ.ஆர். என்பது நடந்ததன் பதிவு. சோதனைத் தகட்டை ஒட்டிய அன்று எத்தனை அம்பியர், என்ன றொட், தகடு எவ்வளவு தடிப்பு, இழுத்தபோது எங்கே முறிந்தது என்பதெல்லாம் உள்ளது உள்ளபடி அதில் இருக்கும். வசதிக்கு ஏற்றபடி அதைப் பின்னர் திருத்த முடியாது.

டபிள்யூ.பி.எஸ். என்பது இனி நடக்கவேண்டியதன் கட்டளை. வெல்டரின் மேசையில் இருக்கவேண்டிய செய்முறைத் தாள் இதுதான். பி.கியூ.ஆர். அனுமதிக்கும் வரம்புக்குள் அதைத் திருத்தலாம், விரிக்கலாம்.

மூன்றாவது, வெல்டரின் தனிப்பட்ட தகைமைச் சான்று. செய்முறை சரி என்று நிறுவியபின், அதைச் செய்ய இவரால் முடியுமா என்பதற்கான சோதனை. தேசிய தொழிற் தகைமையின் வெல்டர் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொழிலாளியின் பொதுத் திறனுக்கான சான்று. வேலை தேடும்போது நன்றாக உதவும். ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் நியமப்படி எடுக்கும் வெல்டர் சோதனையின் இடத்தை அது நிரப்பாது, செய்முறைச் சான்றின் இடத்தை அறவே நிரப்பாது.

எந்த நியமம் என்று முதலில் கேளுங்கள்

வேலையைத் தொடங்கும்முன் ஒப்பந்த ஆவணத்தில் எந்த நியமம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பொய்லர், அழுத்தக் கலன் என்றால் பெரும்பாலும் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.ஈ. ஒன்பதாம் பகுதி. எண்ணெய்த் தாங்கிகளுக்கான ஏ.பி.ஐ. 650 நியமமும் அங்கேதான் கைகாட்டும். கட்டட உருக்குச் சட்டம் என்றால் ஏ.டபிள்யூ.எஸ். டி1.1. ஐரோப்பிய வழியில் எழுதிய ஒப்பந்தம் என்றால் ஐ.எஸ்.ஓ. 15614-1.

ஏ.எஸ்.எம்.ஈ. நியமத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் புரொக்டன் நகரில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையின் பொய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதற்குப் பின்னர் எழுந்த அழுத்தத்தில்தான் பொய்லர் விதிக்கோவையின் முதற் பதிப்பு 1914இல் உருவானது. இலங்கையிலும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நீராவிக் கொதிகலன்களின் பரிசோதனை பற்றிப் பேசுகிறது. நெல் அவிக்கும் ஆலை ஒன்றின் பொய்லரில் கசிவு என்று அழைத்தால், அளவெடுத்துப் பேச்சுவார்த்தை நடத்துவதோடு நிறுத்துங்கள். பரிசோதகரின் சம்மதமும் எழுதிய செய்முறையும் இல்லாமல் அதில் ஒரு றொட்டும் எரிக்கவேண்டாம்.

கீழே வரும் கணக்குகள் பெரும்பாலும் ஏ.எஸ்.எம்.ஈ. ஒன்பதாம் பகுதியின்படி. அதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டும் சிரமமில்லை.

உருக்கு எங்கிருந்து வந்தது?

சோதனைத் தகட்டுக்குப் பழைய இரும்பு கூடாது. உருக்காலையின் சான்றிதழோடு வந்த தகடுதான் வேண்டும். அதில் இரசாயனக் கூறுகளும் இழுவைப் பலமும் எழுதியிருக்கும், தகட்டில் அடித்திருக்கும் வெப்பத்தொகுதி இலக்கம் சான்றிதழில் இருப்பதோடு பொருந்தவும் வேண்டும். சாதாரண கட்டுமான உருக்கான ஏ36 போன்றவை ஏ.எஸ்.எம்.ஈ. கணக்கில் ‘பி-1’ என்ற குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒன்றைச் சோதித்தால் அதே குடும்பத்து மற்ற உருக்குகளுக்கும் சான்று செல்லும். துருப்பிடிக்காத உருக்கு வேறு குடும்பம், அதற்குச் சோதனையும் வேறு.

பழைய இரும்பை விலக்குவதற்கு வன்னியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. போர் நடந்த நிலத்திலிருந்து பொறுக்கிய இரும்பு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது, முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் கண்ணிவெடி அகற்றும் பணி 2009க்குப் பின் நீண்டகாலம் தொடர்ந்தது. வாயில் அடைபட்ட குழாய், தடித்த உருளை, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத எந்த இரும்பையும் கட்டர் வைத்து வெட்டவோ சூடாக்கவோ கூடாது. இது எந்த நியமத்திலும் இல்லாத விதி, ஆனால் இங்கே மற்ற எல்லா விதிக்கும் முந்தியது.

சோதனைத் தகட்டின் தடிப்பு: இங்கேதான் வியாபாரம்

சோதனைக்கு எடுக்கும் தகட்டின் தடிப்புத்தான் பின்னாளில் நீங்கள் எந்தத் தடிப்பு வரை வேலை எடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே செலவு, ஒரே உழைப்பு. ஆனால் 10 மில்லிமீற்றர் தகட்டில் செய்தவருக்கும் 12 மில்லிமீற்றர் தகட்டில் செய்தவருக்கும் கிடைக்கும் வரம்பு வேறு.

ஏ.எஸ்.எம்.ஈ. வரம்புகள், உருக்கு அடியில் நொறுங்குமா என்று பார்க்கும் மோதல் சோதனை கேட்கப்படாதபோது, இப்படி:

1.5 முதல் 10 மி.மீ. வரையான தகடு: குறைந்தது 1.5 மி.மீ., கூடியது தகட்டின் இரு மடங்கு.
10க்கு மேல், 38க்குக் கீழ்: குறைந்தது 5 மி.மீ., கூடியது இரு மடங்கு.
38 முதல் 150 மி.மீ. வரை, வழமையான பல அடுக்கு ஆர்க் முறைகளில்: குறைந்தது 5 மி.மீ., கூடியது 200 மி.மீ.

10 மி.மீ. தகட்டை ஒட்டிச் சோதித்தால் 1.5 முதல் 20 மி.மீ. வரை உங்கள் கையில். 12 மி.மீ. தகடு 5 முதல் 24 வரை தரும். மேலே நாலு மில்லிமீற்றர் கூடினாலும் கீழே மூன்றரை போய்விட்டது. 3 மி.மீ. தகட்டில் பெட்டி அடிப்பதும் 4 மி.மீ. குழாய் ஒட்டுவதும் வரம்புக்கு வெளியே. தடித்தால் நல்லது என்று நினைத்து 12 எடுத்த பட்டறைக்காரர், சன்னமான வேலைக்கு இன்னொரு சோதனை செய்யவேண்டி வரும். வன்னியில் நடக்கும் வேலைகளின் அளவைப் பார்த்தால், முதலாவது சான்றுக்கு 10 மி.மீ.தான் என் தெரிவு.

ஆனால் அந்தப் பத்து உண்மையில் பத்தா? கடையில் ‘10’ என்று விற்கும் தகட்டை வேணியர் இடுக்கியால் அளந்தால் 9.6 இருக்கலாம், 10.2 இருக்கலாம். 9.6 என்றால் மேல் எல்லை 19.2 மி.மீ. ஆகிவிடும். 10.2 என்றால் கீழ் எல்லை ஒரேயடியாக 1.5இலிருந்து 5க்குத் தாவிவிடும். அதனால் சோதனைத் தகட்டை வாங்கும்போதே நாலைந்து இடத்தில் அளந்து, பத்தைத் தாண்டாத, ஆனால் பத்துக்கு மிக அருகில் இருக்கும் தகட்டைப் பொறுக்குங்கள். அளந்த எண்ணையே பதிவில் எழுதுங்கள்.

இரண்டாவது கணக்கு, படிந்த ஒட்டு உலோகத்தின் தடிப்பு. ரூட் ரன்னை டிக் முறையில் போட்டு மேலே றொட்டால் நிரப்பினால், ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக இரு மடங்கு. 10 மி.மீ. தகட்டில் டிக் 3, றொட் 7 என்றால், இனி டிக் 6 மி.மீ. வரையும் றொட் 14 மி.மீ. வரையும் படிய விடலாம். தகட்டின் எல்லை 20 மி.மீ. தானே என்று சொல்லி முழு இருபதையும் றொட்டால் மட்டும் நிரப்ப முடியாது. பரிசோதகர்கள் இதைப் பிடிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது பிடித்தமான இடம்.

நல்ல செய்தியும் உண்டு. தகட்டில் எடுத்த செய்முறைச் சான்று குழாய்க்கும் செல்லும். வி வடிவ மூட்டில் எடுத்த சான்று எல்லா அளவு மூலை ஒட்டுக்கும், எல்லாத் தடிப்புத் தகட்டுக்கும் செல்லும். கதவு, சட்டம் போன்றவற்றில் பெரும்பகுதி மூலை ஒட்டுத்தான்.

டி1.1 நியமத்தில் 10 மி.மீ. தகடு 3 முதல் 20 வரை தரும். 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் எடுத்தால் 3க்கு மேல் எல்லையே இல்லை. அதே நியமம், தான் குறிப்பிடும் மூட்டு வடிவங்களையும் உருக்குகளையும் றொட்களையும் அப்படியே பின்பற்றினால் சோதனையே இல்லாமல் டபிள்யூ.பி.எஸ். எழுதவும் விடுகிறது. கட்டட வேலை மட்டும் செய்பவர் முதலில் அந்த வழியைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வரம்பைச் சுருக்கும் மூன்று பொறிகள்

முதலாவது, மிக் மெஷின். சின்னப் பட்டறைகளில் கார்பனீரொட்சைட்டு வாயுவோடு குறைந்த வோல்ற்றளவில் ஓடும் மிக், கம்பி தகட்டைத் தொட்டுத் தொட்டு உருகும் ‘ஷோர்ட் சேர்க்கிட்’ வகை. அதில் உருக்கு முழுவதும் உருகி ஒட்டாமல் மேலே படிந்து கிடக்கும் ஆபத்து அதிகம். எனவே 13 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில் சோதித்தால் மேல் எல்லை இரு மடங்கு அல்ல, 1.1 மடங்குதான். 10 மி.மீ. தகடு 11 மி.மீ. வரை மட்டும்.

இரண்டாவது, ஒரே ரன்னில் 13 மி.மீ.க்கு மேல் தடிப்பாக உலோகத்தைப் படிய விட்டால் அங்கும் 1.1 மடங்குதான். அவசரத்தில் ஒரேயடியாக நிரப்புபவர்களுக்கு இது.

மூன்றாவது, மோதல் சோதனை. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஷெனெக்ரடி என்ற எண்ணெய்க் கப்பல் துறைமுகத்தில் சும்மா நின்றபடியே நடுவால் பிளந்தது. குளிரில் உருக்கு நொறுங்கும் இயல்பைக் காட்டிய சம்பவங்களில் அது ஒன்று. இரணைமடுவின் வான் கதவுக்கோ முத்தையன்கட்டின் துருசுக்கோ அந்தக் குளிர் வராது. ஆனாலும் வெளிநாட்டு நிதியில் எழுதிய சில ஒப்பந்தங்களில் மோதல் சோதனை கேட்டிருப்பார்கள். கேட்டால், கீழ் எல்லை 1.5 அல்ல. சோதனைத் தகட்டின் தடிப்பு, அல்லது 16 மி.மீ., இரண்டில் குறைந்தது. அதாவது 10 மி.மீ. தகடு 10 முதல் 20 வரைதான். 8 மி.மீ. தகட்டால் கதவு செய்யும் வேலைக்கு அந்தச் சான்று உதவாது. ஒப்பந்த ஆவணத்தில் இந்த ஒரு சொல்லைத் தேடாமல் தகடு வாங்கவேண்டாம்.

ஒட்டும் நாள்

150 மி.மீ. அகலமும் 350 முதல் 400 மி.மீ. நீளமும் கொண்ட இரண்டு துண்டுகள். விளிம்புகளைச் சேர்த்தால் 60 பாகை வரும்படி கிரைண்டரால் சாய்த்து, அடியில் 1.5 முதல் 2 மி.மீ. முகம் விட்டு, 3 மி.மீ. இடைவெளியில் டக் அடியுங்கள். ஒட்டியபின் துண்டு ஒரு பக்கம் தூக்கும், அதற்குச் சற்று எதிர்ப்பக்கமாகச் சாய்த்து டக் அடித்தால் நேராக வரும்.

றொட் 7018 என்றால் ஈரம் அதன் எதிரி. வன்னியில் மாரியில் பட்டறைக்குள் திறந்து கிடந்த பெட்டியின் றொட் அப்படியே பாவிக்க முடியாது. உற்பத்தியாளர் சொல்லும் சூட்டில், பொதுவாக 260 பாகை செல்சியசுக்கு மேல், அடுப்பில் உலர்த்தவேண்டும். ஈரத்திலிருந்து வரும் ஐதரசன் ஒட்டில் புகுந்தால் வெடிப்பு சில மணி நேரம் கழித்துக்கூட வரும். 6013 இந்த விடயத்தில் பொறுமைசாலி, ஆனால் அதன் குடும்ப இலக்கம் எஃப்-2. 7018 எஃப்-4. ஒன்றில் எடுத்த செய்முறைச் சான்று மற்றதற்குச் செல்லாது.

ஒவ்வொரு ரன்னுக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று அம்பியர், வோல்ற்றளவு, நேரம், ஓடிய நீளம் எழுதவேண்டும். வெல்டரே எழுத முடியாது, அவர் கை வேலையில் இருக்கும். மெஷினின் டயலில் உள்ள எண்ணை நம்பாமல் கிளாம்ப் மீற்றரால் அளப்பது நல்லது. கிராமத்து மின்கம்பியின் கடைசியில் இருக்கும் பட்டறையில் மாலையில் வோல்ற்றளவு இறங்கும்போது டயலும் உண்மையும் வேறு வேறு. வெப்ப உள்ளீடு கேட்டால் கணக்கு எளிது: வோல்ற்றளவை அம்பியரால் பெருக்கி, 60ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு ஓடிய மில்லிமீற்றரால் வகுக்கவும். 24 வோல்ற், 110 அம்பியர், நிமிடத்துக்கு 120 மி.மீ. என்றால் மில்லிமீற்றருக்கு 1320 யூல்.

இன்னொன்று: இந்த ஒட்டு உங்கள் நிறுவனத்தின் மேற்பார்வையில், உங்கள் பொறுப்பில் நடக்கவேண்டும். துண்டு வெட்டுவதையும் இழுப்பதையும் வெளி ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாம், ஒட்டுவதைக் கொடுக்க முடியாது. இன்னொரு நிறுவனத்தின் பி.கியூ.ஆர்.ஐப் பெயர் மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடதாசியின் பெறுமதி அது அச்சான தாளின் விலைதான்.

வெட்டு, இழு, வளை

இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு அங்குலத்தைக் கழித்துவிட்டு, மீதியில் இழுவைக்கு இரண்டும் வளைத்தலுக்கு நான்கும் வெட்டவேண்டும். 10 மி.மீ. தகட்டில் வளைக்கும் நான்கில் இரண்டு முகப்பக்கமாக, இரண்டு அடிப்பக்கமாக. 19 மி.மீ. தடிப்பிலிருந்து நான்கையும் பக்கவாட்டில் வளைப்பார்கள்.

ஏ36 உருக்கின் குறைந்தபட்ச இழுவைப் பலம் 400 மெகாபாஸ்கல். 10 மி.மீ. தடிப்பு, 19 மி.மீ. அகலத் துண்டு என்றால் 76 கிலோநியூற்றன், அதாவது ஏறக்குறைய ஏழேமுக்கால் தொன் இழுவையைத் தாங்கவேண்டும். ஒட்டுக்கு வெளியே தகட்டில் முறிந்தால் 5 சதவீதம் வரை குறைந்தாலும் ஏற்பார்கள். ஒட்டில் முறிந்தால் அந்தச் சலுகை இல்லை.

வளைத்தல்தான் பொய் சொல்லாத சோதனை. 10 மி.மீ. துண்டை 40 மி.மீ. விட்டமுள்ள உருளையில் 180 பாகை வளைக்கிறார்கள். வெளிவளைந்த பக்கத்தில் 3 மி.மீ.க்கு மேல் எந்தத் திசையிலும் திறந்த குறை இருக்கக்கூடாது. அடிப்பக்கத் துண்டு வாய் திறந்தால் ரூட் ரன் உருகவில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்காகவே சில பட்டறைகள் கையால் இயங்கும் ஹைட்ரோலிக் ஜக்கில் வளைக்கும் கருவி செய்து வைத்துக்கொள்கின்றன. ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்முன் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம், மலிவானது, நான் மிகவும் பரிந்துரைப்பது.

இழுவைச் சோதனைக்கு இயந்திரம் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. வெளியாருக்குச் சோதனை செய்து அறிக்கை தருவார்களா, அந்த அறிக்கையை உங்கள் ஒப்பந்தத்தின் பொறியியலாளர் ஏற்பாரா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டபின் தகட்டை எடுத்துப் போங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

தமிழில் இதைப் பற்றிப் பேச ஆள் தேடுபவர்கள் திருச்சிராப்பள்ளியை மறக்கவேண்டாம். அங்குள்ள பெல் நிறுவனத்தின் பொய்லர் ஆலையைச் சுற்றி ஒரு வெல்டிங் உலகமே வளர்ந்திருக்கிறது. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது.

எது மாறினால் மறுபடியும் சோதனை?

உருக்குக் குடும்பம், றொட்டின் எஃப் இலக்கம், தடிப்பு வரம்பு, ஒட்டியபின் செய்யும் வெப்பச் சிகிச்சை, முற்சூட்டை 55 பாகைக்கு மேல் குறைப்பது: இவை மாறினால் புதிய பி.கியூ.ஆர். வேண்டும். மூட்டின் கோணம், றொட்டின் விட்டம், படுக்கையா நிலைக்குத்தா என்ற நிலை ஆகியவை, மோதல் சோதனை கேட்காதவரை, டபிள்யூ.பி.எஸ்.ஸில் திருத்தினால் போதும். செய்முறைச் சான்றுக்கு முடிவுத் திகதி கிடையாது.

வெல்டரின் கணக்கு வேறு

சோதனைத் தகட்டை ஒட்டி வென்றவர், தான் ஒட்டிய நிலையில், தானும் தகைமை பெறுகிறார். ஆனால் அவருக்கு ‘நிலை’ முக்கியம். படுக்கையாக ஒட்டியவர் அதை வைத்து நிலைக்குத்து வேலைக்குப் போக முடியாது. தடிப்பில் அவர் படிய விட்ட உலோகத்தின் இரு மடங்கு வரை போகலாம். 13 மி.மீ. அல்லது அதற்கு மேல், குறைந்தது மூன்று அடுக்காகப் போட்டிருந்தால் அவருக்கு மேல் எல்லையே இல்லை. ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்யாமல் விட்டால் தகைமை காலாவதியாகும். எனவே யார், எந்த மாதம், எந்த முறையில் வேலை செய்தார் என்று ஒரு கொப்பியில் எழுதிவருவது பட்டறைக்காரரின் வேலை.

22 மி.மீ. தகடு வந்துவிட்டால்

10 மி.மீ. சான்று கையில் இருக்கிறது, கதவின் அச்சுத் தாங்கிக்கு 22 மி.மீ. தகடு வரைபடத்தில் வருகிறது. இரண்டு மில்லிமீற்றர்தானே என்று விடக்கூடாது. முதலில் அந்த மூட்டு வி வடிவமா, மூலை ஒட்டா என்று பாருங்கள். மூலை ஒட்டு என்றால், ஏ.எஸ்.எம்.ஈ. வேலையில், பழைய சான்றே போதும். வி வடிவம் என்றால் 20 மி.மீ. தகட்டில் இன்னொரு சோதனை. அது 5 முதல் 40 மி.மீ. வரை தரும், வளைத்தல் நான்கும் பக்கவாட்டில். அதன்பின் ஒரே டபிள்யூ.பி.எஸ்.ஸில் இரண்டு பி.கியூ.ஆர். இலக்கங்களையும் எழுதி, 1.5 முதல் 40 மி.மீ. வரை வேலை எடுக்கலாம். விலைமனு எழுதும்போதே வரைபடத்தின் தடிப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், இந்த இரண்டாவது சோதனையின் செலவையும் விலைக்குள் சேர்த்துவிடலாம்.